கருவியைக் கொடுத்துக் காட்டைப் பறிப்பதோ?

நலவாழ்வைப் பற்றி அறிவுரை கூறுவது இன்று மிக எளிய தொழிலாகிவிட்டது. எத்தனை அடி நடக்க வேண்டும் என்று கையில் கட்டிய கடிகாரம் கூறுகிறது. எவ்வளவு சர்க்கரை உண்ணலாம் என்று கைப்பேசிச் செயலி கூறுகிறது. தட்டில் எந்தப் பகுதியில் எதை வைக்க வேண்டும் என்று சுவரொட்டி கூறுகிறது. நகரத்தில் வாழ்வோர்க்கு இவற்றால் ஓரளவு பயனுண்டு. அதனை நான் மறுக்கவில்லை. ஆனால், நகரத்தானின் நோய்க்கு நகரத்தான் கண்ட இம்மருந்தை அப்படியே மூட்டை கட்டிக்கொண்டு ஓராங் அஸ்லி மக்களின் கம்பங்களுக்குச் சென்று, "இதோ, தொழில்நுட்பம் உங்களைத் தேடி வந்துவிட்டது, இனி நலமாக வாழுங்கள்" என்று சொல்லும் போக்கு ஒன்று வளர்ந்து வருகிறது. அலுவலர் சிலரும், தொண்டு நிறுவனத்தார் சிலரும், நம் பள்ளிகளும் சங்கங்களும் கூட இப்போக்கிற்கு ஆட்பட்டிருக்கக் காண்கிறோம். இதனை மறுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். ஒரு மக்களின் மண்ணையும் நீரையும் மொழியையும் விலக்கி வைத்துவிட்டு, அவர்கள் கையில் திணிக்கப்படும் எந்தக் கருவியும் அவர்களுடைய உடல்நலத்தைக் காக்காது. அவர்கள் கேட்டதற்கு விடையாக, அவர்களுடைய மொழியில், அவர்களே இயக்கும்படி அமைந்த கருவி காக்கும். இவ்விரண்டிற்கும் இந்நாட்டின் வரலாற்றிலேயே சான்றுகள் உள்ளன.

யார் இம்மக்கள்?

'ஓராங் அஸ்லி' என்னும் மலாய்த் தொடருக்கு 'மூலக்குடி மக்கள்' என்பது பொருள். ஒரே பெயரால் அழைக்கப்படினும் அவர்கள் ஒரே இனத்தவர் அல்லர். தீபகற்ப மலேசியாவில் 18 இனக்குழுவினர் உள்ளனர். நெகிரித்தோ, செனோய், தொன்மலாயர் என மூன்று பெரும்பிரிவுகளில் அவர்களை அடக்குவர். பேராக், பகாங் மலைப்பகுதிகளில் செமாய் மக்களும், அவர்களுக்கு வடக்கே தெமியார் மக்களும், தெற்கே தெமுவான், ஜாகுன் மக்களும், கிளந்தான் காடுகளில் பாத்தேக் மக்களும், கேரித் தீவில் மா மெரி மக்களும், ஜொகூர் நீரிணையின் ஓரத்தில் செலேத்தார் மக்களும் வாழ்கின்றனர். அனைவரையும் சேர்த்து எண்ணினால் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர்; நாட்டு மக்கள் நூற்றுவரில் ஒருவர்கூடத் தேறமாட்டார். இத்தகைய சிறுபான்மையினரின் குரல் எவர் காதிலும் விழுவதில்லை. ஆனால் அவர்களுக்கு அறிவுரை கூற மட்டும் ஆயிரம் பேர் முன்வருகின்றனர்.

இவர்களுடைய பழைய உணவு யாது? மலைநெல், மரவள்ளி, ஆற்று மீன், காட்டுக் கீரைகள், பெத்தாய், ஊதுகுழல் அம்பால் வீழ்த்திய சிறு விலங்குகள் ஆகியவையே. நாள்தோறும் ஏறி இறங்கிய மலையே அவர்களுக்கு உடற்பயிற்சிக் கூடம். அந்த வாழ்வில் நோய் இல்லை என்று நான் கூறவில்லை. காய்ச்சலும் காசமும் புழுத்தொல்லையும் அங்கே இருந்தன, குழந்தைகள் இறந்தன. ஆயினும் இன்று அவர்களிடையே பரவும் உடற்பருமனும் இரத்த அழுத்தமும் அன்று அறியப்படாதவை. காடு வெட்டப்பட்டது, மலைச்சரிவு செம்பனைத் தோட்டமாயிற்று, கம்பங்கள் சாலையோரத்திற்குக் குடிபெயர்க்கப்பட்டன. கீரை பறித்த இடத்தில் வேலி முளைத்தது. மீன் பிடித்த ஆறு சேறாயிற்று. பின்னர் என்ன செய்வர்? கடையில் கிடைப்பதை உண்டனர். கடையில் கிடைப்பதோ வெள்ளையரிசி, சர்க்கரை, டின்பால், எண்ணெய், உடனடி மீ.

இதன் விளைவாக ஒரு விந்தையான கொடுமை அக்கம்பங்களில் காணப்படுவதாக மருத்துவ ஆய்வாளர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஒரே வீட்டில் தாய் பருத்திருப்பாள். குழந்தை வயதிற்கேற்ற வளர்ச்சியின்றிக் குன்றியிருக்கும். மிகுதியும் குறையும் ஒரே அடுப்பிலிருந்து பிறக்கின்றன. இது சோம்பலால் வந்ததன்று. அறியாமையால் மட்டும் வந்ததுமன்று. உணவு தந்த நிலம் கைமாறியதால் வந்தது. காரணத்தை விட்டுவிட்டுக் காரியத்திற்கு மருந்து தேடுவோர், எவ்வளவு நவீனமான கருவியை ஏந்தி வந்தாலும், நோயைத் தீர்க்கப் போவதில்லை.

சுவரொட்டியும் அடியளவியும்

நம் நாட்டில் நலவாழ்வு முறை இயக்கம் 1991இல் தொடங்கப்பெற்றது. அதன் வழியே பிற்காலத்தில் 'கால், கால், அரை' என்னும் தட்டு அறிமுகமாயிற்று. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது இறைச்சி, அரைப் பங்கு காய்கறியும் பழமும். இது நல்ல அறிவுரையே. நம் வீடுகளில் இதைப் பின்பற்றினால் நமக்கே நன்மை. ஆனால் இச்சுவரொட்டியைக் காடிழந்த ஒரு கம்பத்தின் சமூகக்கூடத்தில் ஒட்டிப் பாருங்கள். அரைப் பங்கு காய்கறிக்கு அந்தத் தாய் எங்கே செல்வாள்? அவளுடைய காய்கறித் தோட்டம் காடாக இருந்தது. அந்தக் காட்டை வெட்ட உரிமம் கொடுத்தவரைக் கேள்வி கேட்பார் எவருமில்லை. தட்டை நிரப்பத் தவறிய தாயைத்தான் கேள்வி கேட்கின்றனர்.

அடுத்தது நடை. நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்னும் கணக்கு உலகெங்கும் வேதவாக்காக வழங்குகிறது. இக்கணக்கு எங்கே பிறந்தது தெரியுமா? 1965இல் சப்பானில் விற்பனைக்கு வந்த அடியளவி ஒன்றிற்குப் 'பத்தாயிரம் அடி அளவி' என்று பொருள்படும் பெயரை இட்டனர். அந்த விற்பனைப் பெயரே நாளடைவில் உடல்நல விதியாயிற்று. நடப்பது நன்று என்பதில் ஐயமில்லை. ஆனால், விடியுமுன் எழுந்து கண்ணி பார்க்க மலையேறிய வேட்டுவனின் பேரனை, வேலி போட்டுச் சாலையோர வீட்டில் அடைத்து வைத்துவிட்டு, அவன் கையில் அடியளவியைக் கட்டி, "நட, நலம் பெறுவாய்" என்பது எள்ளலா, அறிவுரையா? அவன் நடந்த பாதையைத் திறந்துவிட்டால் அளவி எதற்கு?

மர்மம் என்றனர், அம்மை என்று அறிந்தனர்

உள்ள கருவியே சென்று சேராத இடத்தில் புதிய கருவிகளைப் பற்றிப் பேசுவது எத்தகைய வெறுமை என்பதை 2019ஆம் ஆண்டு நமக்குக் காட்டியது. கிளந்தான் மாநிலத்தில், குவா மூசாங் வட்டாரத்தைச் சேர்ந்த கோலா கோ என்னும் பாத்தேக் கம்பத்தில், அவ்வாண்டு மே, ஜூன் மாதங்களில் மக்கள் ஒருவர் பின் ஒருவராக மடிந்தனர். பத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. முதலில் அதனை 'மர்ம நோய்' என்று நாளேடுகள் எழுதின. பின்னர் அது தட்டம்மை என்று சுகாதார அமைச்சு உறுதி செய்தது.

தட்டம்மைக்குத் தடுப்பூசி 1963ஆம் ஆண்டு முதல் உலகில் உள்ளது. நம் பிள்ளைகளுக்கு அதனைப் போட்டு, அட்டையில் குறித்து, பள்ளியில் சேர்க்கும்போது சரிபார்க்கிறோம். அரை நூற்றாண்டுப் பழமையுடைய அந்தத் தொழில்நுட்பம் கோலா கோவின் குழந்தைகள் அனைவரையும் முழுமையாக எட்டவில்லை. ஏன் எட்டவில்லை? பாத்தேக் மக்கள் இடம்விட்டு இடம் செல்வோர் என்பர். அவர்கள் செல்லும் வழி அவர்களுக்குத் தெரியும். அவர்களுள் ஒருவரைச் செவிலியராக்கி உடன் அனுப்பியிருந்தால் ஊசியும் அவர்களோடு சென்றிருக்கும். அக்கம்பத்தைச் சூழ்ந்து செம்பனையும் சுரங்கமும் வந்திருந்தன. தம் நீரைப் பற்றி அம்மக்கள் அஞ்சிப் புகார் கூறினர். செம்பனை வண்டிகள் செல்லும் வழியில் தடுப்பூசிப் பெட்டி செல்ல முடியவில்லை என்றால் அதனை எவர் நம்புவர்?

கருவியால் நலம் விளைந்ததும் உண்டு

இவ்வளவும் கூறியதால் நான் தொழில்நுட்பத்தின் பகைவன் என்று எவரும் எண்ணிவிட வேண்டா. "அவர்கள் இயற்கையின் மடியில் இன்பமாக வாழ்கின்றனர், இயந்திரங்களைக் கொண்டுபோய் அவர்களைக் கெடுக்காதீர்" என்று பேசும் மற்றொரு கூட்டமும் உண்டு. குளிரூட்டிய அறையில் அமர்ந்து இவ்வாறு பேசுவோர் ஓராங் அஸ்லியை மனிதராகக் கருதுவதில்லை. அருங்காட்சியகப் பொருளாகக் கருதுகின்றனர். பிரசவ வேதனையில் துடிக்கும் செமாய்ப் பெண்ணுக்கு மருத்துவமனை வேண்டும். அவள் மகனுக்குத் தடுப்பூசி வேண்டும். அவள் மகளுக்கு நம் மகளிடம் இருப்பதைப் போன்ற கைப்பேசியும் வேண்டும். அவர்களுக்கு எது தக்கது என்று முடிவு கட்டும் உரிமை இந்தக் கூட்டத்திற்கும் இல்லை.

கருவி நன்மை செய்த காலமும் இருந்தது. அவசரகாலத்தில், 1950களின் பிற்பகுதியில், ஓராங் அஸ்லி மக்களுக்கென்று கோம்பாக்கில் ஒரு மருத்துவமனை எழுந்தது. காட்டு மக்களைக் கம்யூனிஸ்டுகளிடமிருந்து பிரித்துத் தன்பால் ஈர்க்கும் அரசியல் நோக்கம் அன்றைய அரசுக்கு இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அங்கே பணியாற்றிய டாக்டர் மால்கம் போல்டன் அமைத்த முறை நாம் கற்கத்தக்கது. காட்டுக்குள் சிறு மருத்துவ நிலையங்கள் இருந்தன. வானொலிக் கருவியால் அவை கோம்பாக்கோடு பேசின. கடும் நோயாளியைக் கொண்டுவர ஹெலிகாப்டர் சென்றது. அந்நாளுக்கு இவை மிக உயர்ந்த தொழில்நுட்பம். ஆனால் ஹெலிகாப்டர் மட்டும் அந்தத் திட்டத்திற்கு வெற்றி தந்துவிடவில்லை. ஓராங் அஸ்லி இளைஞரையே மருத்துவப் பணியாளராகப் பயிற்றுவித்தனர். நோயாளியோடு குடும்பத்தாரும் வந்து தங்க இடமளித்தனர். தன் மொழி பேசும் ஒருவன் தன் கையைப் பிடித்துக்கொண்டு ஊசி போட்டான். தன் பிள்ளை தன் கண்முன் இருந்தது. ஆகவே அஞ்சியவரும் வந்தனர்.

வானொலியும் அவ்வாறே. ஓராங் அஸ்லி மக்களுக்கான ஒலிபரப்பு 1959இல் தொடங்கியது. இன்று 'ஆசிக் எஃப்.எம்.' என்னும் பெயரில் செமாய், தெமியார், தெமுவான், ஜாகுன் ஆகிய மொழிகளிலும் அது ஒலிக்கிறது. எழுத்தறியாத மூதாட்டியும் அதனைக் கேட்கலாம். மின்கலம் இருந்தால் போதும். நோயைப் பற்றிய எச்சரிக்கை, பிரசவ கால அறிவுரை, கம்பத்துச் செய்தி, தம் பாட்டு எல்லாம் தம் மொழியில் ஒரே பெட்டியில் வருகின்றன. நாம் தமிழர், தோட்டப்புறத்து மாலைப்பொழுதுகளில் தமிழ் ஒலிபரப்பு நமக்கு என்னவாக இருந்தது என்பதை எவரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மற்றொரு சான்று பள்ளியிலிருந்தே வருகிறது. ஆசிரியர் இதனை ஊன்றிக் கருத வேண்டும். நாட்டில் பொதுவாகப் புழுத்தொற்று குறைந்துவிட்டது என்று கருதி, பள்ளிகளில் நடந்துவந்த புழுநீக்கத் திட்டத்தை 1983இல் நிறுத்திவிட்டனர். நாட்டுச் சராசரி குறைந்தது உண்மை. ஓராங் அஸ்லிக் குழந்தைகளின் குடலில் அது குறையவில்லை. சராசரிக் கணக்கு சிறுபான்மையினரை விழுங்கிவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுமோ? மாத்திரை கொடுத்தாலும், மண்ணும் நீரும் மாறாத இடத்தில், சில மாதங்களிலேயே புழு மீண்டும் பற்றுகிறது. கொக்கிப்புழு வெறுங்காலின் வழியே ஏறுகிறது. உருளைப்புழுவும் சாட்டைப்புழுவும் மண் படிந்த கையின் வழியே வாய்க்குள் செல்கின்றன. இரத்தம் குன்றிய பிள்ளை வகுப்பில் தூங்குகிறது. நாம் அதனை 'மந்தம்' என்று எழுதிவிடுகிறோம்.

பகாங்கில் ஓராங் அஸ்லி மாணவர் பயிலும் பள்ளிகளில் ஆய்வாளர் சிலர் ஒரு கல்வித் தொகுப்பைச் செய்து பார்த்தனர். அதன் முடிவு 2014இல் வெளிவந்தது. ஆசிரியர்க்குப் பயிலரங்கு, கையேடு, சுவரொட்டி, சித்திரக்கதை, பாட்டுக் காணொளி, பொம்மலாட்டம், துப்புரவுப் பொருள்கள் அடங்கிய பை என்பனவே அத்தொகுப்பு. விலையுயர்ந்த கருவி எதுவுமில்லை. மாத்திரையோடு இவை சேர்ந்தபோது, மாத்திரை மட்டும் பெற்ற பிள்ளைகளைவிட இவர்களிடம் கொக்கிப்புழு மீண்டும் பற்றுவது குறைந்தது. பிள்ளை சிரித்தது, பாடியது, கை கழுவியது. ஆசிரியர் நடுவில் இருந்ததால் கருவி பேசியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அலைவரிசை இல்லாத ஊருக்குச் செயலி

2020இல் கொரோனா பெருந்தொற்று வந்தது. பல கம்பத்தார் தம் நுழைவாயிலில் மூங்கில் தடுப்பை இட்டனர். சிலர் காட்டிற்குள் பின்வாங்கினர். நகரத்தார் அதனை மூடநம்பிக்கை என்று எண்ணினர். கூட்டத்தை விட்டு விலகியிருங்கள் என்று உலகமே கூவிய அந்நாளில், மருத்துவ நூல் கூறியதைத்தான் அவர்கள் செய்தனர். அம்மை கண்ட ஊரை விட்டு அகலும் அறிவு அவர்கள் முன்னோர் விட்டுச் சென்றது. அடுத்த ஆண்டு தடுப்பூசிக்குப் பதிந்துகொள்ள மைசெஜாத்ரா செயலி முதன்மையான வழியாயிற்று. கைப்பேசி இல்லாத, இருந்தாலும் அலைவரிசை எட்டாத கம்பங்களுக்கு அந்த வழி மூடிய கதவே. இறுதியில் ஊசியை எடுத்துக்கொண்டு மனிதர்கள்தாம் மலையேறிச் சென்றனர். இதற்கிடையில், அலைவரிசை எட்டிய இடங்களில், தடுப்பூசி நஞ்சு என்னும் பொய்ச்செய்திகள் கைப்பேசி வழியே பரவின. மெய்யை எடுத்துச் சொல்லச் செமாய் மொழியில் ஆள் வருமுன் பொய் வந்து சேர்ந்துவிட்டது. கருவி தானாக அறம் பேசாது. அதன் வாயில் எவர் சொல்லை வைக்கிறாரோ அவர் சொல்லையே அது பேசும்.

ஆகவே மொழியே முதற்கருவி என்பேன். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டால் தமிழும் சீனமும் கற்பிக்க வழி செய்கிறது. பூர்வகுடி மொழிகளையும் அச்சட்டம் குறிப்பிடுகிறது. ஆனால் நியாயமாகவும் நடைமுறைக்கு இயன்றதாகவும் இருந்தால் என்னும் நிபந்தனை அவற்றிற்கு மட்டும் கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. சில தொடக்கப்பள்ளிகளில் செமாய் பாடமாக உள்ளது; பெரும்பாலான மொழிகளுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. தாய்மொழி வகுப்பிற்காக எத்தனை படிவங்களைத் தூக்கிக்கொண்டு நாம் அலைந்திருக்கிறோம்! நமக்கு உள்ள உரிமையில் பாதியளவும் இல்லாத ஒரு மொழியினர் அதே சட்டப்பிரிவில் நமக்கு அருகில் நிற்கின்றனர். அவர்களுக்காக நாம் ஒரு சொல்லேனும் பேசியதுண்டா?

நம்முடைய தருமம்

இங்கே நம்மவரைப் பற்றியும் கூற வேண்டும். விடுமுறைக் காலத்தில் பள்ளிக் கழகங்களும் சமூகச் சங்கங்களும் ஓராங் அஸ்லி கம்பங்களுக்குத் தொண்டு செய்யச் செல்வது இப்போது வழக்கமாகி வருகிறது. நல்லெண்ணத்தை நான் குறை கூறவில்லை. ஆனால் வண்டியிலிருந்து இறங்கும் பொருள்களைப் பாருங்கள்: பெட்டி பெட்டியாக உடனடி மீ, டின்பால், இனிப்பு ரொட்டி, சர்க்கரைத் தூள் பானம். உப்பையும் சர்க்கரையும் குறையுங்கள் என்று காலையில் திரையில் படம் காட்டுவார்கள். பகலில் அவற்றையே பங்கிட்டுக் கொடுப்பார்கள். மாலையில் குழந்தைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். மறுநாள் அந்தப் படம் ஆயிரம் கைப்பேசிகளில் வலம் வரும். அந்தக் குழந்தையின் தாயிடம் இசைவு கேட்டவர் யார்? நம் பிள்ளை மூக்கொழுகி நிற்கும் கோலத்தை ஒருவர் படமெடுத்து ஊரறியச் செய்தால் நாம் பொறுப்போமா? கருவியின் பயன் எவருக்குப் போயிற்று என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

நம் முன்னோர் பெற்ற அனுபவம் ஒன்று ஈண்டு நினைக்கத்தக்கது. தோட்டத்திலே கள்ளுக்கடை இருந்தது. தொழிலாளியின் கூலி அங்கே கரைந்தது. குடிக்காதே என்று வெளியார் பலர் அறிவுரை கூறினர். எவரும் கடையை மூடவில்லை. 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடாவிலே தொண்டர் படையினர் எழுந்தனர். தோட்டத் தொழிலாளிகளே தம் மொழியில், தம் மக்களிடம் பேசினர். கள்ளுக்கடை முன் மறியல் செய்தனர். பீடோங் வட்டாரத்தில் காவல்துறையின் அடக்குமுறைக்கும் ஆளாயினர். அஃது ஒரு நலவாழ்வு இயக்கம் என்று எந்தப் பாடநூலும் எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன். தம் உடலைக் காக்கத் தாமே எழுந்த மக்களுக்கு அன்று தடியடி பரிசாகக் கிடைத்தது. இன்று வெட்டுமர வண்டிகளை மறித்து நிற்கும் தெமியார் மக்களைப் பார்த்து, "வளர்ச்சியைத் தடுக்கிறார்கள்" என்று கூறும் தமிழர், பீடோங்கை மறந்தவர் ஆவர்.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்தில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றார்: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து துணைபுரிபவன். இந்த நான்கில் முதலிடம் நோயுற்றவனுக்கே. செயலியையும் திரையையும் எந்தக் கூற்றில் அடக்குவது? மிகுந்த மதிப்புக் கொடுத்தாலும் மருந்தில் அடக்கலாம். அல்லது துணைபுரிபவனின் கைப்பொருளாகக் கொள்ளலாம். நாமோ முதற்கூற்றை மறந்துவிட்டு மூன்றாம் கூற்றை அரியணையில் ஏற்றுகிறோம்.

நிலமே மருந்து

ஓராங் அஸ்லி மக்களே தம் நலனுக்காகக் கையாளும் புதிய கருவி ஒன்றைக் கூறுகிறேன். புவியிடங்காட்டிக் கருவியை ஏந்தித் தம் பழந்தோட்டங்களையும், மூதாதையர் இடுகாடுகளையும், ஆற்றுத் துறைகளையும், பழமரங்களையும் அளந்து பல கம்பத்தார் தம் நிலவரைபடத்தைத் தாமே வரைந்து வருகின்றனர். எதற்காக? நிலத்தின்மேல் தமக்குள்ள வழிவழி உரிமையை மெய்ப்பிப்பதற்காக. சிலாங்கூரில், விமான நிலையத்திற்குச் செல்லும் நெடுஞ்சாலைக்காகத் தெமுவான் மக்களின் நிலம் எடுக்கப்பட்டபோது அவர்கள் நீதிமன்றம் சென்றனர். சாகோங் தாசி வழக்கு என்று அறியப்படும் அவ்வழக்கில், 2002இல் உயர்நீதிமன்றமும் 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அம்மக்களின் மரபுவழி நில உரிமையை ஏற்றன. அந்தத் தீர்ப்புகளுக்குப் பின்னும் கம்பங்கள் பல அளந்து அரசிதழில் வெளியிடப்படாமலே கிடக்கின்றன.

இதற்கும் உடல்நலத்திற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நிலம் இருந்தால் மலைநெல் உண்டு, மரவள்ளி உண்டு, கீரை உண்டு, மேட்டிலுள்ள ஊற்று காக்கப்பட்டால் குழாய் வழியே தன் பாரத்தாலேயே நீர் இறங்கிவரும், நீர் இருந்தால் கழிப்பறை பயன்படும், கழிப்பறை பயன்பட்டால் புழு குறையும், புழு குறைந்தால் பிள்ளையின் உடலில் இரத்தம் ஊறும், பிள்ளை படிக்கும். ஊற்றுக்கு மேலுள்ள காட்டை வெட்டிவிட்டு, கீழே குழாயைப் பதித்து, குழாய்க்குப் பக்கத்தில் 'கை கழுவுக' என்று பலகை வைத்தால் எதைக் கொண்டு கழுவுவது?

ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே! நாம் செய்யக்கூடியவை சில உள்ளன. அவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை.

முதலாவது, நம் நாவைத் திருத்திக்கொள்வது. 'சக்காய்' என்னும் இழிசொல் நம் வீடுகளிலும் விளையாட்டுத் திடல்களிலும் வசையாக வழங்குவதுண்டு. வகுப்பில் அச்சொல் ஒலித்த அக்கணமே பாடத்தை நிறுத்தி அது யாரைக் குறிக்கிறது, ஏன் புண்படுத்துகிறது என்று விளக்குங்கள். இழிவாக நோக்கும் கண்கள் காத்திருக்கும் மருத்துவ நிலையத்திற்கு எந்தத் தாயும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விரும்பி வரமாட்டாள். இழிசொல்லும் நோய்க்குக் காரணமே.

இரண்டாவது, கம்பத்திற்குச் செல்லுமுன் அதன் தலைவராகிய பாத்தினையும், அங்குள்ள பெண்களையும் கேட்பது. அவர்கள் விதை கேட்டால் விதை. குழாய் கேட்டால் குழாய். காலணியும் சவர்க்காரமும் கேட்டால் அவை. இப்போது வர வேண்டா என்றால் செல்லாதிருப்பது. உடனடி மீயும் சர்க்கரைப் பானமும் நம் வண்டியில் ஏறாதிருக்கட்டும். தாயின் இசைவின்றிக் குழந்தையைப் படமெடுக்காதிருப்போம்.

மூன்றாவது, கருவியைக் கைமாற்றுவது. நம் பள்ளிகளில் ஒலிப்பதிவுக் கருவியும் படக்கருவியும் கணினியும் உள்ளன. அவற்றைக் கையாளத் தெரிந்த மாணவர் உள்ளனர். ஓராங் அஸ்லி இளைஞர்க்கு அவற்றைக் கற்றுக்கொடுங்கள். பிறகு விலகி நில்லுங்கள். எந்த நோயைப் பற்றி, எந்த உணவைப் பற்றி, எந்த மொழியில், எவர் குரலில் பேசுவது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். பாட்டியிடம் காட்டுக் கீரைகளின் பெயரைக் கேட்டு ஒரு பேத்தி பதிவு செய்யும் பத்து நிமிடம், நாம் மொழிபெயர்த்துக் கொண்டுபோகும் பத்துப் படங்களினும் பயனுடையது.

நான்காவது, எழுதுவது. தமிழில் கட்டுரையும் சிறுகதையும் எழுதும் நம்முள் எத்தனை பேர், ஒரே மலையில் தேயிலை கிள்ளும் தமிழரும் செமாய் மக்களும் அண்டை வீட்டாராக இருப்பதைப் பற்றி எழுதியிருக்கிறோம்? அவர்களுக்கு நீர் வேண்டும், நிலம் வேண்டும், அவர்களுள் இருந்தே செவிலியரும் ஆசிரியரும் உருவாக வேண்டும் என்று நம் சங்கங்கள் தீர்மானம் நிறைவேற்றி அமைச்சுக்கு அனுப்புவதில் என்ன தடை? நம் உரிமைக்காக நாம் அனுப்பிய தீர்மானங்கள் அலமாரி அலமாரியாக உள்ளன. அவற்றுள் ஒன்றேனும் நம்மினும் நலிந்தவர்க்காக இருக்க வேண்டாவா?

செயலிகள் இன்னும் வரும். இன்று இருப்பவற்றினும் கூரியவை வரும். அவை கம்பங்களுக்கும் செல்லட்டும். செல்லும்போது, அந்தக் கம்பத்தின் ஊற்று தெளிவாக இருக்கிறதா, அதன் எல்லை அளக்கப்பட்டுள்ளதா, அங்குள்ள குழந்தைக்கு அம்மை ஊசி போடப்பட்டதா என்னும் மூன்று வினாக்களை அவற்றைக் கொண்டு செல்வோரிடம் கேட்போம். இம்மூன்றிற்கும் ஆம் என்று விடை சொல்ல இயலாதவர், தம் கருவியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, அவ்விடை கிடைக்கும் அலுவலகத்தின் கதவைத் தட்டச் செல்லட்டும். நாமும் உடன் செல்வோம்.